வெள்ளத்துக்கு ஒரு பை: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் குடியிருக்கிறோம். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இணையக் கடை ஒன்றில் நாற்பது பொருட்கள் அடங்கிய ‘அவசரகாலப் பை’ நான்காயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் நான், கணவர், ஐந்து வயது மகள், மாமியார் ஆகிய நால்வர். இதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இத்தகைய தொகுப்புகளின் பொருள் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். திசைகாட்டி, தீமூட்டும் கல், கம்பி ரம்பம், மீன்தூண்டில், பல முனைக் கத்தி என்று குளிர்நாட்டுக் காட்டில் வழிதவறியவருக்கு வேண்டியவையே அதில் பெரும்பகுதியாக இருக்கும். நீங்கள் போகப்போவது காட்டுக்கு அல்ல. மேல்தளத்தில் இருக்கும் அண்டை வீட்டுக்கோ, உறவினர் வீட்டுக்கோ, மாநகராட்சிப் பள்ளியில் திறக்கப்படும் முகாமுக்கோதான். அங்கே உங்களுக்குத் தேவைப்படுபவை மாமியாரின் மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி, மகளுக்கு ஒரு மாற்றுடை, சானிட்டரி நாப்கின், சில்லறை நோட்டுகளாக இரண்டாயிரம் ரூபாய், டார்ச், சார்ஜர் ஆகியவை. இவற்றில் முக்கியமான எதுவும் அந்த நாற்பதில் இருக்காது.

பையின் அளவை முடிவு செய்வதற்கு முன்னால், யார் எதைச் சுமப்பார் என்பதை முடிவு செய்யுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டால் அவரால் கனமான பையையும் சுமக்க முடியாது. மாமியாரின் கையைப் பிடித்து வர வேண்டிய உங்களுக்கு ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஆகவே சக்கரம் வைத்த பெட்டியும், கையில் தூக்கும் பையும் உதவாது. முதுகில் மாட்டும் பை இரண்டு, ஒவ்வொன்றும் நிரப்பிய பிறகு ஆறு ஏழு கிலோவைத் தாண்டாமல் இருந்தால் போதும். மாமியாருக்குத் தோளில் குறுக்காக மாட்டும் சிறிய பை ஒன்று தனியாக இருக்கட்டும். அவருடைய மாத்திரை, கண்ணாடி, அடையாள அட்டையின் நகல் ஆகியவை அதிலேயே இருந்தால், கூட்டத்தில் பிரிய நேர்ந்தாலும் அவர் தவிக்க மாட்டார். மகளின் சட்டைப்பையில் உங்கள் இருவரின் கைபேசி எண்களையும் எழுதிய தாளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வையுங்கள். மீட்புப் படகில் ஆட்களுக்கே இடம் போதாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் எல்லோரும் கணக்குத் தவறும் இடம். குடிக்கவும் அவசரச் சமையலுக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் மூன்று லிட்டர் வேண்டும். நால்வருக்கு ஒரு நாளுக்கே பன்னிரண்டு கிலோ எடை. அதைச் சுமக்க இயலாது. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலும், குளோரின் மாத்திரை அட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, துணியில் வடிகட்டிய நீரில் போட்டு, குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எண்ணெயோ ரசாயனமோ கலந்த நீரை இந்த மாத்திரை குடிநீராக்காது. 2023இல் எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்ததை நாம் பார்த்தோம். தெருவில் நிற்கும் நீரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருக்கும் முதுகுப்பைகள் எண்ணூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றன, மூவாயிரத்துக்கும் கிடைக்கின்றன. எதை நம்புவது?

பதில்: அந்தச் சொல்லை மட்டும் வைத்து எதையும் நம்ப வேண்டாம். சாதாரண முதுகுப்பையின் துணி நீரை ஓரளவு தடுக்கும். உட்புறம் பூசிய மெல்லிய பூச்சுதான் அதற்குக் காரணம். ஆனால் தண்ணீர் துணியின் வழியாகப் புகுவதில்லை. தையல் ஊசி போட்ட துளைகள் வழியாகவும் ஜிப்பின் பற்கள் வழியாகவும்தான் புகுகிறது. பையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். தையலின் மேல் பட்டை ஒட்டப்படாமல் நூல் தெரிந்தால், அது தூறலுக்கான பையே தவிர வெள்ளத்துக்கானது அல்ல. சில ஆண்டுகள் பரணில் கிடந்த பழைய பையில் அந்தப் பூச்சு பிசுபிசுத்து உரியவும் தொடங்கியிருக்கும்.

வாங்கிய அன்றே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பைக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி நிரப்பி, ஜிப்பை மூடி, குளியலறையில் கவிழ்த்து வைத்து, ஜிப்பின் மேலும் அடித்தையலின் மேலும் பத்து நிமிடம் நிதானமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுத் திறந்து, தாளின் எந்த மூலை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பையின் குறை.

பை நீரில் மிதக்கவும் முழுகவும் வாய்ப்புள்ள இடத்தில் இருப்பவர்கள், படகுப் பயணத்துக்கும் மலையேற்றத்துக்கும் விற்கப்படும் ‘டிரை பேக்’ வகையைத் தேடுங்கள். தையலே இல்லாமல் தார்ப்பாய் போன்ற துணியை வெப்பத்தால் ஒட்டிச் செய்திருப்பார்கள், ஜிப் இருக்காது, வாய்ப்புறத்தைக் காற்றை வெளியேற்றி மூன்று முறையாவது இறுக்கமாகச் சுருட்டிக் கொக்கியை மாட்ட வேண்டும். ஒரு சுற்று மட்டும் சுற்றினால் நீர் புகும். இருபது லிட்டர் பை ஒன்று போதும். செலவு செய்ய மனமில்லாதவர்கள், இருக்கிற பள்ளிப் பைக்குள்ளேயே கனமான பாலித்தீன் உறைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக விரித்து, பொருட்களை வைத்து, ஒவ்வொன்றின் வாயையும் தனித்தனியே முறுக்கி, மடித்து, ரப்பர் வளையம் போடலாம். விலையுயர்ந்த ‘வாட்டர்ப்ரூஃப்’ ஜிப் பையைவிட இந்த ஏற்பாடு நன்றாகவே காக்கும்.

கேள்வி: என் தாயார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். மின்சாரம் இல்லாத இடத்தில் அதை எப்படிப் பாதுகாப்பது? குளிர்ப்பை வாங்க வேண்டுமா?

பதில்: திறந்து பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருக்கலாம், வெப்பம் 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது வகையைப் பொறுத்து மாறுவதால், பெட்டிக்குள் இருக்கும் தாளை இன்றே எடுத்துப் படித்து, எண்ணைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகள், அந்த ஈரம் ஆவியாவதால்தான் குளிர்கின்றன. கோடையில் அவை நன்றாக உதவும். காற்றே ஈரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆவியாதல் குறைவதால் குளிர்ச்சியும் குறையும். மழைக்காலத்துக்கென்றே வாங்குவதானால் கனமான சுவருள்ள சிறிய தெர்மாஸ் போன்ற உறை மேலானது. ஐஸ் கட்டியின் மீது நேரடியாக வைத்துவிட வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது.

சர்க்கரை அளவுமானியின் பட்டைகள் ஈரத்தில் கெடும். அவற்றை அவற்றுக்குரிய குப்பியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். சர்க்கரை திடீரெனக் குறைந்தால் கொடுக்கக் குளுக்கோஸ் பொட்டலங்களை அவரது பையிலேயே வையுங்கள். மருந்துச் சீட்டின் நகலோடு, வணிகப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வைத்தால், முகாமில் இருக்கும் மருத்துவர் தம்மிடம் உள்ள வேறு தயாரிப்பைத் தயங்காமல் கொடுக்க முடியும். ஒரு வார மருந்து கையிருப்பு போதும். மாதந்தோறும் புது மருந்து வாங்கும்போது பையில் உள்ளதை எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதியதை அங்கே வைத்தால் காலாவதியாகாது.

கேள்வி: பவர் பேங்க் 10,000 போதுமா, 20,000 வேண்டுமா?

பதில்: பின்புறத்துச் சிறிய எழுத்தைப் பாருங்கள். முகப்பில் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று இருக்கும். பின்னால், ஐந்து வோல்ட்டில் உண்மையாகக் கிடைக்கும் அளவாக 6,000ஐ ஒட்டிய எண் இருக்கும். முதல் எண் உள்ளே இருக்கும் மின்கலத்தின் அளவு. மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும்போது எஞ்சுவதே இரண்டாவது எண். ஆகவே 5,000 அளவுள்ள கைபேசியை அது ஒருமுறை முழுதாகவும், அதற்குமேல் சிறிதும் ஏற்றும். இருவர் கைபேசிக்கு இரண்டு நாள் வேண்டுமானால் 20,000 வாங்குங்கள். இந்த இரண்டாவது எண்ணை அச்சிடாத தயாரிப்பை விட்டுவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரையும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும், ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருடையது என்று தெரியும். டார்ச்சுக்கு மாற்றக்கூடிய பேட்டரி உள்ளதே நல்லது. பேட்டரியை உள்ளேயே போட்டு வைத்தால் கசிந்து டார்ச்சையும் கெடுக்கும், தனியே வையுங்கள்.

கேள்வி: காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மகனின் சான்றிதழ்கள் நனைந்துவிட்டன. மூலங்களைப் பையிலேயே வைத்துவிடலாமா?

பதில்: எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டாம், ஆனால் ஒரே உறையில், ஒரே இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். வானிலை எச்சரிக்கை வந்ததும் அந்த உறை பைக்குள் போக வேண்டும். அரசின் ‘டிஜிலாக்கர்’ செயலியில், வழங்கிய அமைப்பே நேரடியாகச் சேர்க்கும் ஆவணங்கள் சட்டப்படி மூலத்துக்குச் சமமானவை என்றாலும், கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்த நாளில் செயலி திறக்காது. கைபேசியிலேயே தரவிறக்கி வையுங்கள். பாதுகாப்புக்கென்று லேமினேட் செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்த சான்றிதழைப் பின்னாளில் மேலொப்பமிட மறுப்பதுண்டு. வீட்டுக் காப்பீடு உள்ளவர்கள் ஒவ்வோர் அறையையும், குளிர்பெட்டி, வாஷிங் மெஷின் ஆகியவற்றின் வரிசை எண்ணையும் மழைக்கு முன்பே படம் எடுத்து வைப்பது இழப்பீடு கோரும்போது பெரிதும் உதவும்.

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். எங்களுக்கும் இதே பைதானா?

பதில்: இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியிலும், 2024 ஜூலை இறுதியில் வயநாட்டிலும் மண் சரிந்த விதத்தைப் பார்த்தால், சரிவு தொடங்கிய பிறகு பையைத் தேட நேரமே கிடைக்காது. உங்கள் பை, எச்சரிக்கை வந்தவுடன் ஓரிரு நாள் வேறிடத்தில் தங்குவதற்கானது. ஆகவே நீர்ப்புகாத் தன்மையைவிடக் கம்பளி, மழைச்சட்டை, பிடிமானமுள்ள மூடிய காலணி ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள். ஊதல் ஒன்றைப் பையில் அல்ல, படுக்கையருகில் மாட்டுங்கள். எந்த ஊரானாலும், அடுக்குமாடியில் தீ என்றால் பையைத் தேடவே வேண்டாம். வாசலருகே கைக்கெட்டினால் எடுக்கலாம், உள்ளறைக்குத் திரும்பக் கூடாது, மின்தூக்கியில் ஏறக் கூடாது.

கேள்வி: முழுகினாலும் நனையாது என்று விளம்பரம் செய்த பையை இணையத்தில் வாங்கினேன். முதல் மழையிலேயே ஒழுகியது. ‘பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர அவர் கடமைப்பட்டவர். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் இழுத்தடித்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை, கால வரம்பு இரண்டு ஆண்டுகள். விளம்பரப் பக்கத்தை அவர்கள் திருத்திவிடுவதற்கு முன் இன்றே படம்பிடித்து வையுங்கள். மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையை ஒரே தொடர்ச்சியான காணொளியாக எடுத்து, ரசீதோடும் அந்தப் பையோடும் பத்திரப்படுத்துங்கள்.