கேமரா இல்லாமல் காம்போசிஷன் (படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பது) பழக முடியுமா? பழைய ஃபோட்டோ முறைகளால் பயன் உண்டா?

முடியும், பயனும் உண்டு. கேமரா வாங்கும் வரை எதையாவது பழகலாம் என்று நினைக்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். "செல்ஃபோன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். செல்ஃபோனை நான் குறை சொல்லவில்லை, நானும் அதில் படம் எடுக்கிறவன்தான்.

எங்களுக்கு ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம். சித்தி கடலில் பாசி எடுக்கிறவர். அவர் கொண்டுவரும் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியை வைத்துத்தான் சயனோடைப் பழகினேன், வெயிலில் நீல நிறப் படம் பதிக்கும் முறை அது. 1842இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. மறு வருடமே அன்னா அட்கின்ஸ் இங்கிலாந்தில் கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார். கேமராவே கிடையாது. அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டின் கரைசலையும் கலந்து காகிதத்தில் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். மேலே பாசியை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலம், மறைந்த இடம் வெள்ளை.

பாசியை உப்புப் போக அலசி, ஈரத்தை ஒற்றியெடுத்து, ஈர்க்குச்சியால் கிளை கிளையாகப் பிரித்துக் கண்ணாடியால் அழுத்துவேன். நடுவில் வைத்தால் பாடப்புத்தகப் படம் மாதிரி விழும். அதையே ஓரத்துக்குத் தள்ளி, நுனி எதிர் மூலையைப் பார்க்கும்படி சாய்த்தால் மிச்சமிருக்கும் வெறும் நீலம் கடலாகிவிடும். தடித்த தண்டு பளிச்சென்று வெள்ளை. மெல்லிய நுனியில் வெளிச்சம் கசிந்து வெளிர்நீலம். கோடு, வடிவம், வெற்றிடம், டோன் (நிறத்தின் அடர்த்தி) எல்லாவற்றையும் கையால் நகர்த்திப் பார்க்கலாம். பட்டனை அமுக்கிப் பழகியவர்களுக்கு இது கிடைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒன்றைப் போட்டிக்கு அனுப்பினேன். கேமராவில் எடுக்காதது ஃபோட்டோவே இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அப்படியென்றால் அட்கின்ஸ் செய்ததற்கு என்ன பெயர்? அங்கே பரிசு வாங்கிய படத்தில் இருந்தது கடலிலிருந்து ஏறி வரும் எங்கள் ஊர்ப் பெண்கள். பாறையில் கை கிழியாமலிருக்க விரலில் சுற்றிய துணிவரை தெளிவாகத் தெரிந்தது. எடுத்தவர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு பிரதி கொடுக்கவில்லை. பெரிய லென்ஸோடு வருகிறவர்கள் பலரும் இப்படித்தான். கேட்டால் "பொது இடம்தானே" என்பார்கள். முழங்கால் வரை சேலை நனைந்து நிற்கிறவரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஃபெரிசயனைடை அமிலம் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அலசுகிற தண்ணீரில் சோப்போ சலவைச் சோடாவோ கலந்திருந்தால் நீலம் வெளுத்துவிடும். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். பாசி கிடைக்காவிட்டால் முருங்கை இலையே போதும்.