‘இந்தியா’ என்று பெயர், பிரேசில் என்று ஊர்

கேள்வி: சென்ற ஆண்டு மால்டா போயிருந்தோம். வலேட்டா நகர அரண்மனையில் சுவர் முழுக்க நெசவுச் சித்திரங்கள். ‘இந்தியத் தொகுதி’, பிரான்சில் நெய்தது என்றார்கள். அன்னாசிப் பழம்கூட இருந்தது. நம் நாட்டைப் பார்த்து வரைந்ததா ஐயா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லையம்மா, பிரேசிலைப் பார்த்து வரைந்தது. கொலம்பஸ் காலத்துக் குழப்பத்தில் அமெரிக்காவுக்கும் ‘இந்தியா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாரீஸின் கோப்லேன் நெசவுக்கூடமும் அப்படியே பெயர் வைத்தது. அன்னாசி உங்களைக் குழப்பியதில் வியப்பில்லை. அன்னாசி, முந்திரி, மரவள்ளி எல்லாமே தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நம் தோட்டத்துக்கு வந்தவை.

டச்சுக்காரர் வசமிருந்த பிரேசிலுக்கு 1637இல் ஆளுநராகப் போன யோஹான் மௌரிட்ஸ், ஆல்பர்ட் எக்ஹௌட், ஃபிரான்ஸ் போஸ்ட் என்ற இரு ஓவியர்களை வைத்துக்கொண்டார். மரம், மீன், பழம், மனிதர் என்று கண்ணால் கண்டதை அவர்கள் வரைந்தார்கள். 1679இல் மௌரிட்ஸ் பல படங்களைப் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்குக் கொடுத்தார். கோப்லேன் ஓவியர்கள் அவற்றைக் கோத்துத் தறிக்கேற்ற மாதிரிப்படங்களாக்க, 1687இல் நெசவு தொடங்கியது. நீங்கள் பார்த்தது 1708-1710இல் மால்டாவுக்கென்றே நெய்தது.

ஒரு நெசவு எந்த ஓவியத்தைப் பார்த்து வந்தது என்று மூலம் தேடும்போது நான் மனித முகங்களை விட்டுவிட்டுச் செடியையும் விலங்கையும்தான் முதலில் பார்ப்பேன். முகத்தை ஓவியர் மாற்றிவிடுவார். இலையை அவ்வளவு எளிதாக மாற்றமாட்டார். எக்ஹௌட்டின் வண்ணக் குறிப்புகள் போலந்தின் கிராக்கோவ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பெரிய ஓவியங்கள் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில். அங்கே, அவர் 1641இல் வரைந்த முந்திரிமரத்தடிப் பெண்ணின் முன் நெடுநேரம் நின்றேன். தொங்கும் கொட்டைவரை அத்தனையும் சரி! ஆனால் நெசவில் வரிக்குதிரை வருகிறது, யானை வருகிறது. பிரேசில் காட்டில் இவை ஏது? பல இடத்துப் படங்களை ஒரே திரையில் சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு திரையில் கறுப்பின மக்கள் தூளிபோன்ற படுக்கையில் ஒருவரைச் சுமந்து போகிறார்கள். மௌரிட்ஸ் காலத்துக் கரும்பாலைகள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் ஓடியவை. அழகான வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. அந்தத் தோள்களையும் பாருங்கள்.

கேள்வி: பழைய அச்சுப்படத்தில் வலப்பக்கம் நிற்பவர், அதே காட்சியின் நெசவில் இடப்பக்கம் நிற்கிறாரே?
– வாசகர், பரமக்குடி

பதில்: நான் தறி வீட்டில் பிறந்தவன், இந்தக் கேள்வி எனக்கு மிகப் பிடித்தது. படுக்கைத் தறியில் பாவுக்கு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலுக்கு, அடியில் மாதிரிப்படத்தை வைத்து, துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நெய்வார்கள். திருப்பினால் இடம் வலமாகிவிடும். பிரான்சின் பொவே நெசவுக்கூடத்தில் பெரும்பாலும் இந்த முறைதான். நிமிர்ந்த தறியில் பாவு நூல்மேல் கோடு வரைந்துகொண்டு, படத்தைத் தனியே பார்த்து நெய்வதால் திசை மாறாது. செப்புத்தகட்டு அச்சும் படத்தைத் திருப்பிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் மூலத்தை ஒப்பிடும்போது படத்தைக் கண்ணாடியிலும் ஒருமுறை காட்டிப் பாருங்கள். வீரர்கள் எல்லாரும் இடக்கையில் வாள் பிடித்திருந்தால், எங்கோ ஓரிடத்தில் படம் திரும்பியிருக்கிறது.