கும் என்று தொடங்கும் முகவரிகள்

அன்புள்ள தங்கைக்கு,

செவிலியர் பணிக்காகத் தென் வேல்ஸுக்கு வந்திருக்கும் நீங்கள், வாடகை வீடுகளின் முகவரிகள் பலவும் சி, டபிள்யூ, எம் என்ற மூன்றெழுத்தில் தொடங்குவதைக் குறிப்பிட்டு, உயிரெழுத்தே இல்லாத அச்சொல்லை எப்படிப் படிப்பது, அதன் பொருள் என்ன என்று கேட்டிருந்தீர்கள்.

வேல்ஸ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் வரும். இங்கே அதற்கு உகர ஒலி. எனவே சொல் ‘கும்’. இருபுறமும் செங்குத்தான சரிவும், மேல்முனையில் வழியை அடைத்து நிற்கும் மலையுமாகக் கிண்ணம்போல் குழிந்த பள்ளத்தாக்கையே அது குறிக்கும். ஆறு பரந்து ஓடும் அகன்ற சமவெளிப் பள்ளத்தாக்குக்கு ‘டஃப்ரின்’ என்ற வேறு சொல் உண்டு.

வேல்ஸ் மொழி பிறந்த கெல்டிக் மொழிக்குடும்பத்தில் ‘கும்பா’ என்றிருந்த பழைய வடிவத்திலிருந்து வந்த சொல் இது. ஆங்கிலேயர் இதைக் கடன் வாங்கியதன் அடையாளம் டெவன் மாவட்டத்து இல்ஃப்ரகூம் போன்ற பெயர்களின் வாலில் இருக்கிறது. 1921இல் எவரெஸ்டின் மேற்குப் பனிப்பள்ளத்தாக்குக்கு ஆங்கிலேய மலையேறி மல்லோரி இட்ட ‘வெஸ்டர்ன் கும்’ என்ற பெயரிலும் இதே சொல்தான். கும்பா என்றதும் நமக்குச் சோறுண்ணும் கும்பா நினைவுக்கு வரும். அது வடமொழிக் கும்பத்தின் வழி வந்தது. இரண்டையும் ஒரே வேரில் சேர்த்த பழைய வேர்ச்சொல் அகராதியும் உண்டு. ஒலிகள் சரிவரப் பொருந்தாததால் நான் அதை வலியுறுத்த மாட்டேன். ஆனால் வடிவத்தை நினைவில் வைக்க அந்தக் கும்பா நன்றாக உதவும்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். வேல்ஸ் மொழியில் முன்வரும் சொல்லுக்கேற்ப ஊர்ப்பெயரின் முதலெழுத்து மாறும். இங்குள்ள கும்ப்ரான் என்ற ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘கும்ப்ரானிலிருந்து’ என்னும்போது முதலெழுத்தான சி, ஜி ஆகிவிடும். ‘கும்ப்ரானில்’ என்றால் அந்த சிக்குப் பதிலாக என், ஜி, எச் என்று மூன்றெழுத்து வந்து நிற்கும். தங்கம் என்ற சொல்லில் நம் ககரம் மெலிவதை நாம் எழுத்தில் காட்டுவதில்லை, இவர்கள் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். வந்த புதிதில் இவற்றை மூன்று தனி ஊர்கள் என்று எண்ணித் தவறான நிறுத்தத்தில் காத்திருந்தவன் நான்.

வீட்டைப் பொறுத்தவரை, பெயரை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். 1949இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டு விரிந்த கும்ப்ரான், இன்று பெரும்பாலும் அகன்ற ஆற்றுவெளியில்தான் இருக்கிறது. ஆனால் உண்மையான கும் ஒன்றின் அடியில், மேற்கு மலையை ஒட்டிய வீடென்றால், குளிர்காலத்தில் பிற்பகலிலேயே வெயில் மறைந்துவிடும். டிசம்பரில் மூன்று மணிக்கு ஒருமுறை நேரில் சென்று பார்த்துவிட்டு, இரவுப் பணி முடிந்து திரும்பப் பேருந்து உண்டா என்றும் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.