பட்டம் வாங்கியாச்சு, கைதான் ஓடவில்லை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 25. தேசிய சேவை முடித்து, கிராஃபிக் டிசைன் படித்து, போன வருஷம் பட்டம் வாங்கினேன். படிக்கும்போது விடிய விடிய உட்கார்ந்து வேலை செய்தவன் நான். இப்போது லேப்டாப்பைத் திறந்தால் பின்டரெஸ்ட், பிஹான்ஸ் என்று அடுத்தவர்களின் டிசைன்கள் இருக்கும் தளங்களை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிடுகிறேன். நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன், மூன்று இடத்திலிருந்துதான் பதில் வந்தது. வேலை தேட நான் செய்த டிசைன்களைச் சேர்த்து வைத்திருக்கும் போர்ட்ஃபோலியோவில் புதிதாக எதையாவது சேர்க்கலாம் என்றால் ஒரு யோசனையும் வரமாட்டேன் என்கிறது. அம்மா, "சும்மாதானே இருக்கே, ஒரு நடை நடந்துட்டு வா" என்கிறார். எனக்கு நிஜமாகவே திறமை இருந்ததா, இல்லை கல்லூரிதான் என்னை ஓட்டியதா?
- ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். கல்லூரிதான் ஓட்டியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என்னையும் அதுதான் ஓட்டியது.

கல்லூரியில் திங்கட்கிழமை ஒரு தாளைக் கொடுப்பார்கள். இன்ன பொருள், இன்ன அளவு, வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டினால் பதினைந்து பேர் சுற்றி நின்று கிழி கிழியென்று கிழிப்பார்கள். பட்டமளிப்பு முடிந்த மறுநாள் வேலை கொடுப்பவர், கெடு, கிழிப்பவர் மூன்றும் சேர்ந்து காணாமல் போய், வெள்ளைத் திரை மட்டும் மிஞ்சுகிறது. என்ன வேண்டுமானாலும் செய் என்றால் யாருக்கும் கை வராது. புள்ளி வைக்காமல் ஒரு சிக்குக்கோலம் போடச் சொல்லி உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், முறைப்பார்.

தோ பாயோ லோரோங் 6-ல் இருக்கும் டிராகன் விளையாட்டு மைதானத்தைப் பார்க்காத சிங்கப்பூரர் இருக்க முடியாது. 1979-ல் அதை வடிவமைத்த கோர் இயன் கீ, அடுக்குமாடி வீடுகள் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) உள் அலங்கார வடிவமைப்பாளராக இருந்தவர். விளையாட்டு மைதானம் அவருடைய துறையே இல்லை. அலுவலகத்தில் ஒரு வேலை வந்தது, பிள்ளைகள் ஏறிக் குதித்தாலும் உடையக்கூடாது, இந்த ஊர்க்காரர்களுக்குப் பார்த்ததும் புரிய வேண்டும், கையில் இருப்பது சிமெண்டும் மொசைக் துண்டுகளும். அதற்குள் நின்றுதான் அந்த டிராகன் வந்தது.

என் கதையையும் சொல்கிறேன். முதல் வேலை ஒரு சின்ன அச்சகத்தில். இரண்டு வருஷம் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மொட்டைக்குப் பத்திரிகை. சலித்துப்போய்த்தான் இருந்தேன். ஒருமுறை நான்கு மொழியில் ஒரு பொங்கல் பதாகை செய்தோம். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் உடைந்துவிடும், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தெரியாது. "பொங்கல்" என்ற சொல்லில் பகரம் முன்னால் ஓடிவிட, கொம்பும் காலும் பின்னால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. அச்சடித்து, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மாட்டிய பிறகு ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, பொங்கல் பொங்கி வழிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். அன்றைக்குப் பட்ட அவமானத்தில் ஒரு மாதம் போகிற வருகிற இடமெல்லாம் தமிழ்ப் பலகைகளையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். எம்ஆர்டி ரயில் நிலையம், மருந்துக்கடை, தேக்கா மீன்கடை, எதையும் விடவில்லை. சலிப்பு எந்த நாளில் போனது என்று எனக்கே தெரியாது.

சரி, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் லிஃப்ட் பக்கத்தில் நான்கு மொழியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும், குப்பையை இங்கே போடாதீர்கள், சைக்கிளை நடைபாதையில் வைக்காதீர்கள் என்கிற ரகம். பெரும்பாலும் அதில் தமிழ்தான் கடைசி வரி, அதுவும் சுருக்கி நசுக்கிப் போட்டிருப்பார்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், சீன மொழியில் நாலு எழுத்தில் முடிவது நமக்கு ஒன்றரை வரி ஓடும். "கீ"க்கு மேலே சுழி, "பூ"வுக்குக் கீழே வால் என்று வரிக்கு வரி இடமும் அதிகம் கேட்கும். அந்த அறிவிப்பைத் திரும்பச் செய்யுங்கள். ஏ4 தாள், இரண்டே நிறம், நான்கு மொழியும் படிக்கிற மாதிரி, தமிழ் ஆங்கிலத்தைவிடச் சின்னதாகத் தெரியக்கூடாது. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடமும் பக்கத்து வீட்டு அங்கிளிடமும் காட்டுங்கள். அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், பாவம், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த வரி முதலில் கண்ணில் பட்டது என்று கேளுங்கள். அங்கிள் நீங்கள் நினைக்காத ஒரு வரியைச் சொல்வார், அந்த ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது, திங்கட்கிழமை தானாக லேப்டாப் முன்னால் உட்காருவீர்கள்.

பின்டரெஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்கவே கூடாது என்று சொல்லமாட்டேன், நானும் பார்க்கிறேன். ஆனால் பந்தியில் இலையைப் பார்த்துச் சமையல் கற்றவர் யாருமில்லை. அதற்குப் பதில் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு நாளிதழ்கள் இலவசமாகக் கிடக்கின்றன, செய்தியை விடுங்கள், விளம்பரங்களைப் பாருங்கள். கணினி இல்லாத காலத்தில் எழுத்தை எப்படிக் கட்டத்துக்குள் அடைத்திருக்கிறார்கள், எங்கே திணறியிருக்கிறார்கள் என்று தெரியும். அம்மா சொன்ன நடையும் நல்ல யோசனைதான், கொஞ்சம் வேலையோடு நடங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்காவிலிருந்து கேம்பல் லேன் வரை நடந்து, பெயர்ப்பலகைகளில் "ழ" எழுத்தை மட்டும் இருபது படம் எடுங்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது.

நாற்பதுக்கு மூன்று பதில் என்பது நீங்கள் நினைக்கிற அளவு மோசமில்லை. இடையில் கோப்பிக்கடையிலோ கிடங்கிலோ வேலை செய்ய வேண்டியிருந்தால் செய்யுங்கள், வரையத் தெரிந்தது மறந்துவிடாது. அப்புறம் ஒன்று, வாரக்கணக்காகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலுமே மனசு ஒட்டாமல் இருந்தால் இது டிசைன் பிரச்சினை அல்ல, பாலிகிளினிக் போய் டாக்டரிடம் பேசுங்கள்.

அந்த அறிவிப்பைச் செய்து முடித்தால் எனக்கு அனுப்புங்கள். கிழிப்பதற்கு ஆள் வேண்டுமே.

கேள்வி: தினமும் வரைந்து பழக நல்ல ஸ்கெட்ச்புக் எது வாங்கலாம் அக்கா?
- ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: பிராஸ் பாசா காம்பிளெக்ஸில் வரைபொருள் கடைக்குப் போனால் கண்ணைப் பறிக்கிற மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். நாற்பது வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன், முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் நாலு வருஷமாக அலமாரியில் இருக்கிறது. இரண்டு வெள்ளி நோட்டை வாங்குங்கள், முதல் பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியலை எழுதிவிட்டு இரண்டாவது பக்கத்தில் வரைய ஆரம்பியுங்கள்.