அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே ஓநாயைச் சுடுவது எப்படிச் சட்டப்படி சரியாகிறது?

பூங்கா மத்திய அரசின் நிலம். உள்ளே வேட்டைக்குத் தடை. எல்லைக்கு வெளியே மாநில வனவிலங்குத் துறையின் விதி. பூங்காவை ஒட்டிய மொன்டானா மாநிலத்தில் 2011-ல் ஓநாய்க்கான மத்திய பாதுகாப்பு நீங்கியது. உரிமம் வாங்கினால் சுடலாம்.

ஆனால் ஓநாய்க்கு எல்லைக் கோடு தெரியாது. குளிர்காலத்தில் மேட்டுநிலம் பனியில் மூடியதும் எல்க் மான்கள் வடக்கே மொன்டானாவின் கார்டினர் ஊர்ப் பக்கம் தாழ்நிலத்துக்கு இறங்கும்; ஓநாய்களும் பின்தொடரும். பூங்காவில் தினமும் மனிதர்களைப் பார்த்துப் பழகியவை, துப்பாக்கியைக் கண்டும் ஓடாமல் நிற்கும்.

பூங்காவை ஒட்டி மொன்டானாவில் 313, 316 என்ற எண் கொண்ட வேட்டைப் பகுதிகளில் முன்பு சில ஓநாய்களைக் கொல்ல மட்டுமே அனுமதி. 2021-ல் அந்த வரம்பை எடுத்தார்கள். அந்த ஒரே பருவத்தில், மொன்டானா, வயோமிங், ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களிலுமாக, 25 எல்லோஸ்டோன் ஓநாய்கள் செத்தன. 2022-ல் அங்கே 6 என்ற வரம்பு திரும்பியது.

கால்நடை வளர்ப்போரின் இழப்பு உண்மையானது, அதை ஒதுக்க முடியாது. ஆனாலும் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது தவறு. இனச்சேர்க்கை பிப்ரவரியில், குட்டிகள் ஏப்ரலில். வேட்டையோ மார்ச் நடுப்பகுதிவரை நீள்கிறது. அப்போது தலைமைப் பெண் ஓநாய் விழுந்தால் அந்த ஆண்டின் குட்டிகளே போயிற்று, கூட்டமும் சிதறக்கூடும். எல்லைப் பகுதிக்கான தனி வரம்பு நீடிக்க வேண்டும், ஜனவரியோடு வேட்டையும் முடிய வேண்டும்.