‘வேலை தேடுகிறேன்’ என்று எழுதினால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நான்கு வருடமாக மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு ஆர்டர்களை ஆரம்பம் முதல் அனுப்பும் வரை கவனிப்பவர்) இருக்கிறேன். வேறு கம்பெனிக்கு மாற நினைத்து வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் கணக்குத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. இப்போதைய கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

ஆள் எடுப்பவர் அங்கே பதவியின் பெயர், திறன், ஊர் ஆகியவற்றைத் தட்டித் தேடுகிறார். வருகிற பட்டியலில் முதலில் இருக்கும் சிலரைத்தான் திறந்து பார்ப்பார். அந்தச் சொற்கள் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் அவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள்.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்து வரை இடம் உண்டு. ‘புதிய வாய்ப்பைத் தேடுகிறேன்’ என்று எழுதி அந்த இடத்தைப் பலர் வீணாக்குகிறார்கள். அந்தச் சொற்களைத் தட்டி யாரும் ஆள் தேட மாட்டார்கள். உங்களுக்கு இப்படி இருக்கலாம்: ‘மெர்ச்சண்டைசர், நிட்வேர் ஏற்றுமதி | காஸ்டிங், டெக் பேக், சாம்பிள் அப்ரூவல் | 4 ஆண்டு | திருப்பூர்’. (டெக் பேக் என்பது ஆடையின் அளவு, துணி, தையல் விவரக் குறிப்பு.) இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தேடுபவர் ஆங்கிலத்தில்தான் தட்டுகிறார். பதவி முதலில் வரட்டும், செல்போனில் முதல் சில சொற்கள்தான் தெரியும். இருப்பிடத்தில் வெறும் ‘இந்தியா’ என்று விட்டிருந்தால் ஊரைச் சேருங்கள்.

அனுபவப் பகுதியில் ‘பையர் ஃபாலோ-அப்’ (ஆடை வாங்கும் நிறுவனத்தோடு தொடர்பில் இருப்பது) என்று மட்டும் எழுதினால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை பையர், எந்த நாட்டுச் சந்தை, ஒரு சீசனுக்கு எத்தனை ஸ்டைல், துணி வகை சிங்கிள் ஜெர்ஸியா இன்டர்லாக்கா, குழந்தைகள் உடையா பெரியவர்கள் உடையா என்று எழுதுங்கள். நேர்காணலில் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். பையரின் பெயரையும் பீஸ் விலையையும் மட்டும் எழுதாதீர்கள். அது உங்கள் கம்பெனியின் ரகசியம். அதை வெளியில் வைப்பவரை வேலைக்கு எடுக்க அடுத்த கம்பெனியும் யோசிக்கும்.

கம்பெனிக்குத் தெரியாமல் இருக்க: ‘ஓப்பன் டு வொர்க்’ வசதியில் இரண்டு வழி உண்டு. எல்லோருக்கும் காட்டுவதைத் தேர்ந்தெடுத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும். நீங்கள் ‘ரிக்ரூட்டர்களுக்கு (ஆள் எடுப்பவர்களுக்கு) மட்டும்’ என்பதை எடுங்கள். அப்போது உங்கள் கம்பெனியின் ரிக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும். ஆனால் முழு உத்தரவாதம் தராது. உங்கள் அனுபவப் பகுதியில் இப்போதைய கம்பெனியை அதன் சரியான பக்கத்தோடு இணைத்திருந்தால்தான் யாரிடமிருந்து மறைப்பது என்றே அதற்குத் தெரியும். பக்கத்தைத் திருத்துவதற்கு முன்பே, மாற்றங்களை நண்பர்களுக்கு அறிவிக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் உங்கள் பெயர் சக ஊழியர்களின் திரையில் போய் நிற்கும்.

கேள்வி: தெரியாதவர்களுக்கு என்ன எழுதுவது? ‘ஐயா, வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று நாற்பது பேருக்கு அனுப்பினேன். பதிலே இல்லை.
– பி.காம். பட்டதாரி, விருதுநகர்

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவர் உங்கள் படிப்பைப் பார்த்து, தன் கம்பெனியில் விசாரித்து, பிறகு எழுத வேண்டும். முன்பின் தெரியாதவருக்காக அவ்வளவு வேலையை யாரும் இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள்:

‘வணக்கம் மேடம். பி.காம். 2024, டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தெரியும். உங்கள் அலுவலகத்தின் ஜூனியர் அக்கவுண்டன்ட் விளம்பரம் பார்த்தேன். புதியவர்கள் விண்ணப்பிக்கலாமா?’

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடியும். ‘ஆம்’ வந்த பிறகு பயோடேட்டாவை அனுப்புங்கள். லிங்க்ட்இன்னில் இணைப்பு அழைப்போடு சேர்க்கும் குறிப்பு இலவசக் கணக்கில் 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்கு மட்டுமே. தமிழில் ‘கி’, ‘க்’ போன்றவை கணினிக் கணக்கில் இரண்டாக விழும் என்பதால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். யாருக்கு எழுதுவது என்று பொறுக்கி எடுங்கள்: அதே துறையில் இருப்பவர், உங்கள் கல்லூரியில் முன்பு படித்தவர். நிறுவனத் தலைவருக்கு எழுதுவதை விட இவர்களிடம் பதில் கிடைக்கும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெலிகிராம் குழுவில் வீட்டிலிருந்தே ‘ரேட்டிங்’ போடும் வேலை என்றார்கள். முதல் நாள் 150 ரூபாய் உண்மையாகவே வந்தது. இப்போது 5,000 ரூபாய் கட்டினால் பெரிய டாஸ்க் தருவதாகச் சொல்கிறார்கள்.
– வாசகி, சேலம்

கட்டாதீர்கள். அந்த 150 ரூபாய் தூண்டில் புழு. அடுத்து உங்கள் திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் ‘வரி கட்டினால்தான் பணம் வரும்’ என்பார்கள். அதைக் கட்டினால் இன்னொரு கட்டணம் வரும். குழுவில் ‘எனக்குப் பணம் வந்தது’ என்று எழுதுபவர்களும் அவர்கள் ஆட்களாகவே இருப்பார்கள்.

ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் தடுத்து வைக்க முடியும் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை எழுதி வையுங்கள். குழுவை விட்டு வெளியேறும் முன் உரையாடலைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறிய பிறகு பல நேரம் எதுவும் கிடைக்காது.

கேள்வி: ஃபேஸ்புக்கில் தாய்லாந்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ வேலை என்று விளம்பரம். விமான டிக்கெட்டும் அவர்களே தருகிறார்களாம். தம்பி கிளம்பத் தயாராக இருக்கிறான்.
– வாசகி, புதுக்கோட்டை

தம்பியை நிறுத்துங்கள். இதே பெயரில் தாய்லாந்து வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அப்படிச் சிக்கியவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு, அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதற்கு மேல் விசாரிக்கவே வேண்டாம்.

கேள்வி: கல்லூரிக் காலத்தில் போட்ட ஃபேஸ்புக் பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். பழைய பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மொத்தமாக மாற்றும் வசதி தனியுரிமை அமைப்பிலேயே இருக்கிறது. மற்றவர்கள் உங்களை டேக் செய்து போட்ட படங்கள் அதில் அடங்காது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து டேக்கை நீக்க வேண்டும்.