கழுத்து எங்கே?

வணக்கம் அக்கா,

சிறுத்தை உடல், கழுகுத் தலை, மீன் வால். காற்றில் உலரும் களிமண்ணில், உள்ளே கம்பி வைத்து, ஒரு விலங்கு செய்தேன். மூன்று பொம்மைகளை வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது. போதாததற்கு, மறுநாளே கழுத்திலும் வாலிலும் விரிசல். சூளையில் சுட்டால் சரியாகுமா? படம் இணைத்திருக்கிறேன்.

வாசகி, தோ பாயோ

அன்புள்ள தங்கைக்கு,

சூளை வேண்டவே வேண்டாம். இந்த மண் சுடுவதற்கானது அல்ல. உள்ளே அலுமினியத் தாளைச் சுருட்டி வைத்திருந்தால் அது 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இங்கே சிங்கப்பூரில், லோரோங் தாவாஸில் 1940இல் கட்டிய டிராகன் சூளை (விறகில் எரியும் நீண்ட சூளை) இருக்கிறதே, அதன் வெப்பம் 1200ஐத் தாண்டும்.

களிமண் காயும்போது சுருங்கும், உள்ளிருக்கும் கம்பி சுருங்காது. அதனால்தான் விரிசல். ஏர்கான் அறையில் வைத்தீர்களா? மேல்தோல் சீக்கிரம் காய்ந்து, உள்ளே ஈரம் நின்றுவிடும். பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, மெதுவாகக் காயவிடுங்கள்.

ஆனால் விரிசல் விட்ட இடத்தைப் பாருங்கள். ஒட்டு தெரிகிற இடமும் அதுதான். படத்தில் தலை அருமை, உடலும் அருமை. நடுவில் கழுத்து இல்லை, ஒரு கோடுதான் இருக்கிறது. கம்பியை மூன்று துண்டாகக் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அலகிலிருந்து வால் நுனி வரை ஒரே கம்பி போடுங்கள். அதுதான் முதுகெலும்பு.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட நம்மூர் மெர்லயனை ஒருமுறை நின்று பாருங்கள். லிம் நாங் செங் செய்து, 1972இல் சிங்கப்பூர் ஆற்று முகத்தில் நிறுத்திய 8.6 மீட்டர் சிலை. சுற்றுலாப் பயணிகளுக்கான பொம்மை என்று நானே இளக்காரமாக நினைத்ததுண்டு. அதன் பிடரிமயிர் சுருள் சுருளாக இறங்கிச் செதில்மேல் விழுகிறது. சிங்கம் எங்கே முடிந்தது என்று கண் தேடுவதில்லை. யாளியின் வித்தை வேறு. துதிக்கை யானையுடையது என்றாலும் தோள், இடுப்பு, தொடை எல்லாம் சிங்கம். பாரம் தாங்குகிற பாகங்கள் ஒரே விலங்காக இருப்பதால் அது திடமாக நிற்கிறது.

சரி, செய்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுத்தைச் சுற்றி ஊசியால் கீறி, ஈரப்படுத்தி, அதே மண்ணைக் கூழாகக் குழைத்துத் தடவுங்கள். அதன்மேல் இறகுகளை வரிசையாக வையுங்கள். கீழே போகப் போக இறகு சிறுத்து, தோளில் சிறுத்தைப் புள்ளிகளோடு கலந்துவிடட்டும். வாலுக்கும் அப்படியே, இடுப்பிலிருந்தே செதிலைத் தொடங்குங்கள்.